முருகன் மெதுவாகத்தான் வருவார்!

“சார், செருப்போட வாங்க, பரவால்ல. வாட்ச்சை மட்டும் கழட்டிடுங்க.”

கொட்டகை வாசலில் எனக்குக் கிடைத்த முதல் உத்தரவு இதுதான். வாட்ச், மோதிரம், இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து என்று காரில் உரசக்கூடிய எதற்கும் உள்ளே அனுமதி இல்லை. என் பெல்ட் பக்கிளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மாஸ்டர் ஒரு பழைய துண்டை நீட்டினார். இடுப்பில் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். சிரிக்காதீர்கள், எனக்கு உள்ளுக்குள் துள்ளல் தாங்கவில்லை! எத்தனை காலமாக இந்தத் தகரக் கொட்டகைக்குள் எட்டிப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறேன்!

சென்னை அண்ணா சாலையிலிருந்து ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் திரும்பினால் கார் அலங்காரக் கடைகள் வரிசை கட்டும். சீட் கவர், மேட், ஹாரன், டாஷ்போர்டு பிள்ளையார், மீட்டர் கணக்கில் ஸ்டிக்கர். ஒட்டித் தருவதற்கு ஒரு தெருவே இருக்கிறது. ஒட்டியதை எடுத்துத் தருபவர்களுக்குப் போர்டு கிடையாது. பழைய கார் விற்கும் ஷோரூம்களின் முதுகுப்பக்கம், தண்ணீர் டேங்குக்கும் கரண்ட் பெட்டிக்கும் நடுவில், ரேடியோவில் பாட்டு ஓடவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். முன்பக்கம் விளக்கு வெளிச்சத்தில் “சிங்கிள் ஓனர் சார், புது வண்டி மாதிரி” என்று காட்டப்படும் ஒவ்வொரு காரும் இவர்கள் கையில் ஒருமுறை பழைய அடையாளத்தைத் தொலைத்துவிட்டுத்தான் அங்கே போகிறது.

இன்று மேஜைக்கு வந்திருப்பது சிவப்பு நிற ஹேட்ச்பேக். பத்து வருஷ வண்டி. பானட் நடுவில் வேலோடு முருகன், முழங்கை நீளத்துக்கு. பின் கண்ணாடியில் ‘அம்மா அப்பா ஆசியுடன்’. அதற்குக் கீழே இரண்டு பெண் குழந்தைகளின் பெயர்கள், பூப்போட்டு. பம்பரில் ஒரு பள்ளிக்கூடத்தின் முத்திரை, அதன் மேலேயே அரைகுறையாகக் கிழிந்த ஒரு கட்சிக்கொடி. பெட்ரோல் மூடியில் ரேடியம் எழுத்தில் ‘பெட்ரோல்’. ஓட்டியவர் யாரென்று தெரியாது. ஆனால் அவருடைய பக்தி, பிள்ளைகள், ஃபீஸ் கட்டிய இடம், ஓட்டுப் போட்ட திசை எல்லாம் தெரிந்துவிட்டது. வாங்கப்போகிறவருக்கு இவையெல்லாம் தெரியக் கூடாது. அதுதான் இன்றைய வேலை.

கத்தியை எடுப்பார், சுரண்டுவார் என்று நான் நினைத்திருக்க, மாஸ்டர் வாளியை எடுத்தார். முதலில் குளியல். ஷாம்பு கலந்த தண்ணீரில் வண்டி முழுவதையும் அலசுகிறார்கள். ஸ்டிக்கரைச் சுற்றி ஒட்டியிருக்கும் தெருப்புழுதி சாதாரணமானது இல்லை, அதில் மணல் துகள் உண்டு. அதன் மேல் துணியை வைத்துத் தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான். “பாதிப் பேர் வண்டில கோடு விழறது ஸ்டிக்கரால இல்ல சார், அவசரத்தால,” என்றார் மாஸ்டர். உதவிக்கு நிற்கும் பையன் தலையாட்டிக்கொண்டே டயரில் தண்ணீர் அடித்தான்.

அடுத்து வந்தது என் கண்ணை விரியவைத்த சாமான். சட்டைப்பையில் அடங்கும் ஒரு சின்ன மீட்டர். அதைப் பானட்டில் வைத்தால் பெயின்ட் எவ்வளவு கனம் என்று மைக்ரானில் சொல்கிறது! 118. கூரை: 112. இடது கதவு: 121. “ஃபாக்டரி பெயின்ட்,” என்று மாஸ்டர் திருப்தியாகத் தட்டிக்கொடுத்தார்.

118 மைக்ரான் என்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், தலை சுற்றியது. ஒரு தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். காரின் மானம் மரியாதை அத்தனையும் இரண்டு தலைமுடி கனத்துக்குள்! அதற்குள் நான்கு அடுக்கு வேறு. தகரத்தை ஒட்டித் துருவைத் தடுக்க, மின்சாரம் பாயும் தொட்டியில் உடலையே முக்கி எடுத்துப் பூசும் அடுக்கு. அதன் மேல் ப்ரைமர். அதன் மேல் நிறம். கடைசியில், எல்லாவற்றுக்கும் காவலாக, நிறமே இல்லாத ‘கிளியர் கோட்’, சுமார் 40 மைக்ரான். நாம் பார்த்துப் பார்த்துப் பூரிக்கும் பளபளப்பு, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சக்தி எல்லாம் இந்தக் கடைசி அடுக்கிலேயே இருக்கின்றன. முருகன் ஒட்டியிருப்பதும் அதன் மேல்தான். பிளேடு ஒருமுறை சாய்ந்தால் போதும், அந்த அடுக்கு போயே போச்சு.

இந்தக் கொட்டகையில் இரும்பு பிளேடுக்கு ஒரே ஒரு வேலைதான். கண்ணாடி. முன் கண்ணாடியில் ஒட்டிய பழைய ஃபாஸ்டாக், அபார்ட்மென்ட் பாஸ் இவற்றைச் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பிளேடால் வழித்து எடுக்கலாம். பின் கண்ணாடியில் அதுவும் கூடாது. அங்கே பனியை விரட்டும் மெல்லிய கம்பிக் கோடுகள் ஓடுகின்றன. பிளேடு ஒன்றை அறுத்தால் அந்தக் கோடு செத்தது. ஆகவே ‘அம்மா அப்பா ஆசி’யைப் பையன் வெதுவெதுப்பான தண்ணீரும் பிளாஸ்டிக் அட்டையுமாக, கோடுகள் ஓடும் திசையிலேயே வழித்துக்கொண்டிருந்தான். அட்டை எது தெரியுமா? காலாவதியான ஏ.டி.எம். கார்டு. மேஜை டிராயரைத் திறந்தேன், ஊரில் இருக்கிற எல்லா வங்கியின் கார்டும் கிடந்தது!

இனி முருகன்.

மாஸ்டர் ஹாட் கன்னைக் கையில் எடுக்கவில்லை. அது சுவரில் தொங்குகிறது. அதன் வாயில் வெளிவரும் காற்று 500 டிகிரியைத் தாண்டும், பக்குவம் தெரியாத கையில் பெயின்ட்டைப் பொங்கவைத்துவிடும், பம்பர் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும். அவர் எடுத்தது கூந்தல் உலர்த்தும் சாதாரண டிரையர். சித்திரை வெயிலாக இருந்தால் அதுவும் வேண்டாமாம். வண்டியை வெளியே நிறுத்தினால் அடர்நிறப் பானட் தானாகவே அறுபது டிகிரிக்குப் போய்விடும். “கத்திரி வெயில்ல சூரியன்தான் நமக்குச் சம்பளமில்லாத ஆளு,” என்றார்.

டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். நடுநடுவே உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். கை பொறுத்துக்கொள்ள முடிகிற கடைசிச் சூடுதான் அவருடைய தெர்மாமீட்டர். பிறகு கட்டைவிரல் நகத்தால் வேலின் நுனியை நெருடினார். ஒரு மூலை எழுந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

எழுந்த மூலையை அவர் மேலே தூக்கவில்லை. தன்மேலேயே மடித்து, பானட்டைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி தாழ்வாகப் பின்னோக்கி இழுத்தார். அந்த வேகத்தை என்னவென்று சொல்ல! விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து, விளம்பரம் முடிந்து, அடுத்த பாட்டின் சரணம் வந்துவிட்டது. முருகனின் ஒரு கால்தான் வந்திருக்கிறது. “சட்டுனு இழுத்தா?” என்று கேட்டே விட்டேன். “முருகன் மெதுவாத்தான் வருவாரு,” என்றார், கண்ணை எடுக்காமல்.

இந்த மெதுவுக்குள்தான் மொத்த ரகசியமும் இருக்கிறது. ஸ்டிக்கரின் பசை திடமா, திரவமா என்று கேட்டால் இரண்டும்தான். மெதுவாக இழுத்தால் திரவமாக இளகிக் கொடுக்கும். வெடுக்கென்று இழுத்தால் திடமாக இறுகி எதிர்க்கும். சூடு பட்டால் இன்னும் இளகும். இப்போது அதற்கு முன்னால் இரண்டு வழிகள். ஸ்டிக்கரோடு கிளம்பிவிடலாம், அல்லது பெயின்ட்டிலேயே தங்கிவிடலாம். யாரோடு போவது என்று அது முடிவெடுக்கும் இடம், அந்த மடிப்பு. சூடு போதாவிட்டால் ஸ்டிக்கர் துண்டு துண்டாக உடையும். சூடு மிஞ்சினால் பசை நூல் நூலாக இழுபட்டு, தனக்குள்ளேயே அறுந்து, பாதி அங்கே பாதி இங்கே என்று நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, அங்கே பிடித்துவிட்டால் பசை முழுசாக முருகனோடு புறப்பட்டுவிடும். மாஸ்டரின் விரல் அந்த இடைவெளியைத் தேடிக்கொண்டே போகிறது. நூல் இழுபட்டால் டிரையரை நிறுத்துகிறார், சரசரவென்று சத்தம் வந்தால் மீண்டும் காட்டுகிறார்.

பசை ஒன்றும் லேசுப்பட்டதில்லை. 2008இல் அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சாதாரண ஒட்டுநாடாவை வெற்றிடத்தில் வைத்து உரித்தார்கள். எக்ஸ் கதிர் வந்தது! ஒரு விரலின் எலும்பைப் படமெடுக்கும் அளவுக்கு வந்தது. கொட்டகையில் காற்று இருப்பதால் நமக்கு அந்தப் பாக்கியமோ ஆபத்தோ இல்லை. மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். “அப்ப நான் ஸ்கேன் சென்டர் வெச்சிருக்கலாம்,” என்றார்.

இன்னொரு கதையும் அவருக்குச் சொன்னேன், ஏனென்றால் அது அவருடைய சொந்தக் கதை. மாஸ்கிங் டேப் கார் பெயின்ட் கொட்டகைக்காகவே பிறந்தது. 1920களில் அமெரிக்காவில் ‘டூகோ’ என்ற வேகமாகக் காயும் பெயின்ட் வந்து, கறுப்பே கதியென்றிருந்த கார்களுக்கு வண்ணம் கிடைத்தது. ஒரே காருக்கு இரண்டு நிறம் என்ற மோகம் பரவியது. ஒரு நிறம் அடிக்கும்போது மற்றதை மறைக்க வேண்டுமே. காகிதத்தைப் பசை போட்டு ஒட்டினார்கள், எடுக்கும்போது புதுப் பெயின்ட்டும் கூடவே உரிந்து வந்தது. பெயின்டர்கள் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார்கள். மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில், உப்புத்தாள் மாதிரியைக் கொடுக்க வந்த 3எம் கம்பெனி இளைஞன் ரிச்சர்ட் ட்ரூ அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். நடனக் குழுக்களில் பாஞ்சோ வாசித்துப் படிப்புச் செலவைப் பார்த்துக்கொண்ட பையன் அவன். ஒட்டவும் வேண்டும், சேதமில்லாமல் வரவும் வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டு 1925இல் மாஸ்கிங் டேப்பைக் கொண்டுவந்தான். 1935இல் ஸ்டான்டன் ஏவரி என்பவர் தானே ஒட்டும் லேபிளைத் தொழிலாக்கினார். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கான்சஸ் சிட்டியின் அச்சுக்காரர் ஃபாரஸ்ட் கில், ஒளிரும் மையில் அடித்த ஸ்டிக்கரை பம்பருக்கு ஏற்றினார். அங்கிருந்து நம் ஊர் முருகனுக்கு ஒரே நேர்ப்பாதைதான்.

“டூகோவா?” என்று மாஸ்டர் நிமிர்ந்தார். “எங்க அப்பா அம்பாசிடருக்கு அடிச்சது அதானே!” அந்தப் பெயர் நம் ஊர்ப் பெயின்டர்கள் வாயில் இன்னும் புழங்குகிறது, கம்பெனி எது என்று யாரும் கேட்பதில்லை.

பேச்சுவாக்கில் முருகன் முழுசாக வந்துவிட்டார்! வேல், சேவற்கொடி, மயில் எதுவும் கிழியவில்லை. நான் கைதட்டினேன். பையன் அவரைக் கீழே போடவில்லை. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய், கொட்டகையின் பின்சுவரில் சாய்த்திருந்த ஒரு தகரத்தில் ஒட்டினான். அப்போதுதான் அந்தத் தகரத்தைப் பார்த்தேன். பிள்ளையார் பதினாறு கோணத்தில், அய்யனார், திருப்பதி நாமம், வேளாங்கண்ணி மாதா, 786, சிலுவை, சாய்பாபா, கருப்பசாமி, ஓம், ஓரத்தில் ஒரு புத்தர். குப்பையில் போட மனசு வராதாம். “இங்க எல்லாரும் ஒண்ணா இருக்காங்க, சண்டையில்ல,” என்றான் பையன். கட்சித் தலைவர்களுக்குத் தகரம் கிடையாது. அவர்கள் நேரே வாளிக்குள்.

எல்லா ஸ்டிக்கரும் முருகன் அளவுக்குக் கருணை காட்டாது. நல்ல கம்பெனி வினைல் சுமார் 50 மைக்ரான் கனம், திரவமாக ஊற்றிப் படியவைத்துச் செய்தது. வருஷங்கள் கழித்தும் வளைந்து கொடுக்கும். மலிவான சரக்கை உருளைகளுக்கு நடுவே நசுக்கி நீட்டிச் செய்கிறார்கள். அது தன் பழைய வடிவத்தை மறப்பதில்லை, ஓரங்களில் சுருங்கிக்கொண்டே இருக்கும். அதை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பசை வெயிலில் வெளியேறிவிட்டால் அப்பளமாக நொறுங்கும். பம்பரிலிருந்த கட்சிக்கொடி அப்படித்தான், நகம் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதைவிடக் கொடுமை ரேடியம். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் கண்ணாடி மணிகளைக் கொண்ட தாளில் அடுக்கு மேல் அடுக்கு. மேல் அடுக்கு தனியாக வரும், மணிகள் பசையோடு தங்கிவிடும். பெட்ரோல் மூடியின் அந்த நான்கு எழுத்துக்கு முழு முருகனைவிட அதிக நேரம் ஆனது என்றால் நம்புவீர்களா?

சின்னம் பதித்த பிளாஸ்டிக் எழுத்துகளுக்கு வேறு வித்தை. பின்னால் டபுள் டேப்பின் நுரைப்பசை இருக்கும். அதற்குத் தூண்டில் நரம்பு. சூடாக்கிவிட்டு, நரம்பை எழுத்துக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் நுழைத்து, இரண்டு கையாலும் ரம்பம் அறுக்கிற பாணியில் இழுக்க வேண்டும். எழுத்து கையில் விழும், நுரை காரில் நிற்கும். அந்த நுரையை ட்ரில் மெஷினில் மாட்டிய ரப்பர் வீலால் தேய்க்கலாம். பள்ளி அழிப்பான் சக்கரமாகி, பசையை உருட்டி உருட்டிக் கறுப்புத் துகளாகக் கக்குகிறது. பார்க்கப் பார்க்க ஆனந்தம்! ஆனால் இரண்டு விநாடி ஒரே இடத்தில் நின்றால் பெயின்ட் கருகும். எனக்கு ஒருதரம் தர மாட்டாரா என்று ஏங்கினேன். தரவில்லை. சரிதான்.

இனி பிசுபிசுப்பு. முருகன் போன இடத்தில் அதிகமில்லை, பள்ளி முத்திரை போன இடத்தில் திட்டுத்திட்டாக இருந்தது. இங்கேதான் வீட்டு வைத்தியங்களின் ராஜ்ஜியம். ஒவ்வொருவருக்கும் ஒரு சூத்திரம் இருக்கும். என் கணக்கில் அவற்றில் பாதி சரி, கால்வாசி வீண், கால்வாசி ஆபத்து.

ஆபத்திலிருந்து ஆரம்பிப்போம். பெட்ரோல். வேலை செய்யும், அதனால்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். அதன் ஆவி தரையோடு தவழ்ந்து போய் எங்கோ ஒரு பொறிக்காகக் காத்திருக்கும், பக்கத்திலேயே ட்ரில் மெஷின் ஓடுகிறது. இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீனுக்கு அனுமதி உண்டு. அது ரத்தப் புற்றுநோயோடு தொடர்புடைய சரக்கு, கையால் தேய்த்து மூக்கால் இழுக்க வேண்டியதில்லை. அடுத்து தின்னர். ஆலையில் சுமார் 140 டிகிரியில் சுட்டெடுத்த பெயின்ட் தின்னரை ஓரளவு தாங்கும். தெருமுனையில் ஹார்டனர் கலக்காமல் அடித்த பெயின்ட்டோ அதிலேயே கரைத்து அடிக்கப்பட்டது, அதிலேயே கரைந்து வரும். துணியில் சிவப்பைப் பார்த்த பிறகு அழுது பயனில்லை. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனும் இதே ஜாதி.

வேலை செய்பவை எவை? டர்பன்டைன், வெள்ளை மண்ணெண்ணெய், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் செய்த கிளீனர், பிறகு எல்லா மெக்கானிக் கடையிலும் நீலமும் மஞ்சளுமாக நிற்கும் டபிள்யூ.டி.40. அந்தப் பெயரில் இருக்கும் 40 சும்மா இல்லை. 1953இல் சான் டியேகோவில் அட்லஸ் ஏவுகணையின் மேல்தோலைத் துருவிலிருந்து காக்க, ஈரத்தை விரட்டும் திரவம் தேடியவர்களுக்கு நாற்பதாவது கலவையில்தான் கைகூடியதாம். ஏவுகணைக்குத் தடவியது இப்போது ஸ்டிக்கர் பசையையும் கரைக்கிறது.

ஆனால் மாஸ்டர் எடுத்தது எதுவென்று சொன்னால் துள்ளிக் குதிப்பீர்கள். ஊட்டிக்குப் போனால் ஆளுக்கொரு பாட்டில் வாங்கி வருவோமே, அந்த நீலகிரித் தைலம்! கொட்டகை முழுக்கச் சளி பிடித்த வீட்டின் வாசனை. எண்ணெய்த் தன்மையுள்ள பசையை எண்ணெய்த் தன்மையுள்ள கரைப்பான்தான் இளக்கும் என்பது வேதியியலின் பழைய விதி, தைலத்தின் யூகலிப்டால் அதற்குக் கச்சிதமான ஆள். ஒரே நிபந்தனை, ஊறவைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடக் கூடாது. மென்மையான பெயின்ட்டைத் தைலமும் பதம் பார்க்கும். முதலில் கதவைத் திறந்து உள்விளிம்பில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டு. துணியில் நிறம் ஒட்டவில்லை என்றால் மட்டும் மேலே. தேங்காயெண்ணெய்? அதுவும் வேலை செய்யும். பொறுமையுள்ளவர்களுக்கு.

தேய்க்கும் விதத்திலும் ஒரு சூட்சுமம் பார்த்தேன். அவர் தேய்க்கவே இல்லை! டிஷ்யூ பேப்பரைத் தைலத்தில் நனைத்துத் திட்டின் மேல் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி, சற்றுநேரம் விட்டார். ஆவியாகாமல் உள்ளேயே நின்று பசையை ஊதவைக்கிறது. எடுத்தபின் மைக்ரோஃபைபர் துணியில் ஒரே வழிப்பு. திட்டு மாயம். கரைப்பான் மிச்சமிருக்கக் கூடாது என்று மறுபடி ஷாம்பு.

வண்டியை வெளிச்சத்துக்குத் தள்ளினார்கள். நான் அலறினேன். முருகன் போகவில்லை! பானட்டில் வேல், மயில், சேவல் எல்லாம் அப்படியே நின்றன, அடர்சிவப்பில். சுற்றியுள்ள சிவப்பு வெயிலில் வெளுத்துவிட்டது, ஸ்டிக்கருக்குக் கீழே இருந்தது மட்டும் ஷோரூமிலிருந்து வந்த நாளின் நிறத்தில் இருக்கிறது. சிவப்புக்கு இது அதிகம், வெள்ளைக்குக் குறைவு. மாஸ்டர் பதறவில்லை. பஃபிங் மெஷினில் காம்பவுண்டைத் தடவி, வெளுத்த பகுதியின் செத்த மேல்தோலை மைக்ரானில் ஓரிரண்டு மட்டும் எடுத்தார். சுற்றுப்புறம் அடர்த்தியாக, முருகன் மங்கிக்கொண்டே வந்தார். முழுசாக மறைந்தாரா? எதிர்வெயிலில் குனிந்து பார்த்தால் வேலின் விளிம்பு இன்னும் தெரிகிறது என்று நான் சத்தியம் செய்வேன். அதையும் அடிக்கப்போனால் கிளியர் கோட்டுக்கு ஆபத்து என்று நிறுத்திவிட்டார். மேலே வேக்ஸ் பூசியதோடு சரி.

இந்தக் கொட்டகைக்குத் திருவிழாக் காலங்களும் உண்டு. 2012இல் உச்ச நீதிமன்றம் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் கூடாது என்றபோது ஊரே பிசினும் கையுமாக அலைந்தது. 2024 மே 2 முதல், தனியார் வண்டிகளில் ‘பிரஸ்’, ‘போலீஸ்’, ‘அட்வகேட்’ என்றெல்லாம் அனுமதியில்லாமல் ஒட்டியிருந்தால் அபராதம் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது. முதல்முறை பிடிபட்டால் 500 ரூபாய். “அந்த வாரம் வந்த ‘பிரஸ்’ஸுக்கு ஒரு பேப்பரே நடத்தலாம் சார்,” என்று மாஸ்டர் கண்ணைச் சிமிட்டினார். அவசரத்தில் வீட்டிலேயே சுரண்டிவிட்டு, கோடு போட்ட நம்பர் பிளேட்டோடு வந்தவர்கள்தான் அதிகமாம்.

கிளம்பும் நேரத்தில் வெள்ளி நிறக் கார் ஒன்று வந்து நின்றது. இடது பின்கதவு முழுக்கப் பாயும் சிறுத்தை. “நாளைக்கு வாங்க ஆள் வருது மாஸ்டர், இதை மட்டும் எடுத்துடுங்க.” மாஸ்டர் மீட்டரை எடுத்தார். முன்கதவு 115. பின்கதவில் சிறுத்தையின் வாலுக்குப் பக்கத்தில் 870. என்னைப் பார்த்தார், எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே கனமாகப் பட்டி. சிறுத்தையின் பாதத்தில் லேசாகச் சூடு காட்டி நகத்தால் நெருடினார். மூலை எழுந்தது, அதன் அடியில் வெள்ளிச் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. உடனே கட்டைவிரலால் அழுத்தி மூடினார்.

“இது ஃபாக்டரி பெயின்ட் இல்ல சார். சிறுத்தை வந்தா கதவோட பெயின்ட்டும் கூடவே வரும். எடுக்கிற கூலி கொஞ்சம்தான். அப்புறம் டிங்கரிங் பெயின்டிங் தனி. நாளைக்குள்ள ஆகாது.”

வந்தவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “ஆனா ஒரு பக்கம் மட்டும் சிறுத்தை இருந்தா, வாங்கறவன் ஏன்னு கேப்பானே?”

மாஸ்டர் யோசிக்கக்கூட இல்லை. “வலப்பக்கமும் ஒண்ணு ஒட்டிட்டா கேக்க மாட்டான். ஆனா இந்தக் கதவு பட்டி பார்த்ததுன்னு நீங்களே அவன்கிட்ட சொல்லிடுங்க. மீட்டர் அவன்கிட்டயும் இருக்கும்.”

பையன் அதற்குள் செல்ஃபோனில் சிறுத்தையைப் படமெடுத்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் ஓட ஆரம்பித்திருந்தான். “டேய், மூஞ்சி முன்பக்கம் பாக்குற மாதிரி கேளு!” என்று மாஸ்டர் பின்னாலிருந்து கத்தினார்.